தடை எழுத்து

அந்த எழுத்தை வரைந்தவள் நான். ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சுவருக்குச் சுவர் தொங்கிய மஞ்சள் பலகைகளில், கறுப்பாகத் தடித்து நின்ற தமிழ் எழுத்து. அதற்காக யாரும் என்னை நேராகப் பாராட்டியதில்லை. வெறுத்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவனுடைய வெறுப்பு நியாயமானது. மற்றவர்களை நானும் பதிலுக்கு வெறுத்தேன், இன்றும் அது குறையவில்லை. இதை மறைத்து நல்ல பெண்ணாக எழுத என்னால் முடியாது.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் எனக்கு இருபத்து நான்கு வயது. தாம்பரத்தில் டிடிபி படித்துவிட்டு, படப்பைக்குச் சற்று முன்னால் ஒரு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரகடத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்த தொழிற்சாலைகளுக்கு ஸ்டிக்கர், பெயர்த்தகடு, எச்சரிக்கைப் பலகை எல்லாம் அங்கேதான் அடிப்போம். பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரகடம் கூட்டு ரோடு வரை ஒரு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஷெட்டின் முன்பகுதியில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. அதில் கம்ப்யூட்டரும் நானும். ஏசி கம்ப்யூட்டருக்காக. பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஐந்து பெண்கள் ஸ்கிரீன் பிரிண்டிங் அடிப்பார்கள். மை கரைக்கிற தின்னர் வாடை அவர்கள் முடியிலேயே தங்கியிருக்கும்.

முதலாளி உள்ளூர்க்காரர். கத்த மாட்டார். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, நான் திரும்பிப் பார்க்கும் வரை பேசாமல் இருப்பார். வந்தவர்களிடம் என்னைப் ‘பாப்பா’ என்று சொல்லித்தான் அறிமுகம் செய்வார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசும்.

அந்தத் தொழிற்சாலை புதிதாக வந்தபோது அதன் எச்.ஆர். அதிகாரி ஒரு தடித்த கையேட்டைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தார். வெளிநாட்டுத் தலைமை அலுவலகம் அனுப்பியது. வாசல் பலகை முதல் கழிவறைக் கதவு வரை எல்லா எழுத்தும் ஒரே வகையில் இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. ஆங்கிலத்துக்கு எழுத்தை அவர்களே கொடுத்துவிட்டார்கள். தமிழ் அதற்குப் பக்கத்தில் நின்றால் ஒரே குடும்பம் மாதிரித் தெரிய வேண்டும் என்றார் அதிகாரி. முதலாளி ஆகட்டும் சார் என்று தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்த ஆங்கில எழுத்து எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். புத்தகங்களில் பார்க்கிற ஆங்கில எழுத்துக்கு முனையில் பாதம் மாதிரி ஒரு சின்னக் கோடு ஒட்டியிருக்கும். பலகைகளில் பார்க்கிறதற்கு அது இருக்காது, குச்சியை நறுக்கி வைத்தது போலிருக்கும். இது இரண்டும் இல்லை. தண்டு இடுப்பில் லேசாக ஒடுங்கி, முனைக்கு வர வர அகன்று, இரண்டு கூரான மூலைகளோடு ஊன்றி நிற்கும். பாதத்தைத் தனியாக ஒட்டவில்லை, காலே விரிந்து பாதமாகியிருந்தது. அவ்வளவு தடிமனிலும் அது பருத்துத் தெரியவில்லை. நின்ற இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்று சொல்கிற மாதிரி இருந்தது. ஸ்கிரீன் அடிக்கிற அக்கா ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாடி இது, பெல்பாட்டம் போட்டுகினு கீது” என்றாள்.

முதலில் கையிலிருந்த தடித்த தமிழ் எழுத்து ஒன்றைப் போட்டு அனுப்பினேன். பொதுக்கூட்ட நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று அதிகாரி திருப்பி அனுப்பினார். அதே எழுத்தின் முனைகளில் பாதங்களை ஒட்டிப் பார்த்தேன். எழுத்துகளெல்லாம் செருப்பு மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றன. எனக்கே சிரிப்பு வந்தது. அப்புறம்தான் ஒட்டினால் ஆகாது, கோடே விரிய வேண்டும் என்று புரிந்தது.

ஆனால் தமிழில் கோடு எங்கே முடிகிறது? ஆங்கிலத்தில் நிமிர்ந்த தண்டுகள் நிறைய, முனைகளும் நிறைய. நம் எழுத்து பாதி நேரம் சுழித்துக்கொண்டு தன்னிடமே திரும்பி வந்துவிடும். ப-வுக்கு மேலே இரண்டு முனைகள், அவ்வளவுதான். கீழே இருப்பவை மூலைகள், அங்கே விரிக்க முடியாது. ட-வுக்கு மேலே ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ண-வில் முனையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கெல்லாம் முனை கிடைத்ததோ அங்கே விரித்தேன். கிடைக்காத எழுத்துகளில் கோட்டையே ஒரு பக்கம் ஒடுக்கி, மறுபக்கம் அகட்டி, விரிவதற்குத் தயாராக இருப்பது போல வைத்தேன். தடிமனாக்க ஆக்க ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகளுக்குள் இருந்த வெள்ளை அடைத்துக்கொண்டே போனது. வெளிக்கோடு தடிப்பாகவே இருக்க, உள்ளே வருகிற கோட்டை மட்டும் யாருக்கும் தெரியாமல் மெலிய வைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தடிமன் என்று தோன்றும். ர-வின் கீழே சாய்ந்து இறங்கும் காலை முனையில் விரித்தபோது அது கோடாலி மாதிரி நின்றது. அன்றைக்கு மதியம் சாப்பிடவே இல்லை, அந்த ர-வைப் பெரிதாக்கியும் சின்னதாக்கியும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான்கு மாதம் ஆயிற்று. சாப்பாட்டு நேரத்திலும், பின்னால் ஸ்கிரீன் காய்கிற நேரத்திலும் ஒவ்வொரு எழுத்தாக வரைந்தேன். ஆங்கில எழுத்தின் புள்ளி சாய்ந்த கட்டமாக இருந்ததால் மெய்யெழுத்துப் புள்ளியையும் அப்படியே வைத்தேன். கணினியில் அழகாக இருந்தது. சின்ன ஸ்டிக்கரில் அடித்தபோது மை பரவி, கட்டத்தின் கீழ்மூலை எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. ‘தொடாதீர்’ என்பது ‘தொடாதீர’ என்று தெரிந்தது. அதிகாரி சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பினார். புள்ளியைக் கொஞ்சம் பெரிய உருண்டையாக்கி, மேலே தூக்கி வைத்தேன். அது இரண்டாவது பதிப்பு. அதைத்தான் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதை முதலாளி சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார். தமிழ் வடிவமைப்பு என்ற இடத்தில் அவருடைய பெயர் இருந்தது. மாட்டிய அன்றைக்கே நான் பார்த்தேன். ஏதோ தவறுதலாக நடந்திருக்கும் என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கேட்டேன்.

“சார், வரைஞ்சது நானு. அதுல உங்க பேரு இருக்கு.”

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கம்ப்யூட்டர் யார்து? கரண்ட்டு யார்து? ஏசி யார்து? உன்னுதுன்னு இன்னா கீது பாப்பா, கை மட்டுந்தான். அந்தக் கைக்குத்தான் சம்பளம் குடுக்கறேன்.”

அன்றிலிருந்து அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினேன். அவர் எழுத்துப் பிழையோடு எழுதிக் கொடுப்பதை முன்பெல்லாம் நானே திருத்திவிடுவேன். அதையும் நிறுத்தினேன். ‘எச்சறிக்கை’ என்று எழுதிக் கொடுத்தார். அப்படியே ஐம்பது பலகை அடித்தோம், ஐம்பதும் திரும்பி வந்தன. நீ பார்க்கவில்லையா என்று கேட்டார். என் கைதான் என்னுடையது, கண் உங்களுடையது என்று நினைத்தேன் என்று சொன்னேன். அதன் பிறகு நாங்கள் இருவரும் ஒரே ஷெட்டுக்குள் இரண்டு பூனைகள் மாதிரி இருந்தோம்.

தொழிற்சாலையிலிருந்து பலகைகளுக்கான பட்டியல் வந்துகொண்டே இருந்தது. முதலில் எல்லா இடத்திலும் இருக்கிறவைதான். புகைபிடிக்கத் தடை. கைபேசிக்குத் தடை. பிறகு லைனில் பேசத் தடை என்று வந்தது. ஷிஃப்ட் நேரத்தில் உட்காரத் தடை. கழிவறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்கத் தடை. அந்தக் கடைசிப் பலகையைப் பார்த்து பின்னால் இருந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள். எட்டாவது, ஒன்பதாவது பலகை அடிக்கும்போது யாரும் சிரிக்கவில்லை. என் கவனமெல்லாம் டை-யின் இரண்டு சுழிகளிலும் மை அடைக்காமல் இருக்கிறதா என்பதில்தான் இருந்தது.

ஒருநாள் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பேர் அந்தத் தொழிற்சாலைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். தெற்கத்திப் பேச்சு. புதுப் பலகை ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். தொழிற்சாலையில் அதற்குத் ‘தடை எழுத்து’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. வேறு எங்கே அந்த எழுத்தைப் பார்த்தாலும், படிக்கும் முன்னாலேயே எதையோ செய்யக் கூடாது என்று தோன்றுகிறதாம். ஒருவன், அதை எழுதியவன் கை விளங்காமல் போகட்டும் என்றான். இன்னொருவன் ஆமாம் என்று சிரித்தான். எனக்கு அவர்கள் மேல் பரிதாபம் வரவில்லை. கோபம்தான் வந்தது. வாசகத்தை நானா எழுதினேன்? ஒரு ர-வுக்கு என்ன பாடு பட்டேன் என்று இவர்களுக்கு என்ன தெரியும்? இறங்கும் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குள் அந்த எழுத்து வேறொரு இடத்திலும் முளைத்திருந்தது. முதலாளியின் மச்சான் வீட்டுமனை விற்பவர். புள்ளியை மாற்றுவதற்கு முன்பே, முதல் பதிப்பை ஒரு ஃபிளாப்பியில் போட்டு அவருக்குக் கொடுத்திருக்கிறார் முதலாளி. தொழிற்சாலைக்கு மட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எழுத்து அது. மச்சான் அதைப் படப்பையில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் கொடுத்து நோட்டீஸ் அடித்தார். ‘பேருந்து நிறுத்தத்திலிருந்து பத்தே நிமிடம்’ என்று என் எழுத்து பொய் சொன்னது. அந்த நோட்டீஸ் பிள்ளைப்பாக்கம் வரை வந்தது. எங்கள் வீட்டுச் சுவரிலும் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா அதைக் கிழித்துக் கசக்கிச் சாக்கடையில் போட்டார். அது நான் வரைந்தது என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஒரு நோட்டீஸை மட்டும் மடித்து என் மேசை டிராயரில் வைத்துக்கொண்டேன். எப்போதாவது உதவும் என்று நினைத்துத்தான் வைத்தேன்.

உதவியது.

ஒரு காலை ஷிஃப்டில் தொழிற்சாலைக்குள் புதிதாக ஒரு அறிவிப்பு முளைத்தது. எங்கள் பலகையின் அதே மஞ்சள், அதே கறுப்புப் பட்டை, அதே எழுத்து. பலகை இல்லை, ஒட்டுகிற தாள். லைனுக்கு லைன், கேன்டீன் வாசலில், கம்பெனி பஸ் கதவில். ‘ஷிஃப்ட் நேரத்தில் மூச்சு விடத் தடை. தேவைப்படுவோர் சூப்பர்வைசரிடம் சீட்டு பெறவும்.’ அதில் வேடிக்கை என்னவென்றால், வெகுநேரம் அதை யாரும் கிழிக்கவில்லை. அதிகாரிகளே பத்து முறை அதைக் கடந்து போயிருக்கிறார்கள். எழுத்தைப் பார்த்ததும் நம்முடையதுதான் என்று விட்டுவிட்டார்கள். காலை டீ இடைவேளைக்குப் பிறகு ஒரு லைன் முழுக்க ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு, சூப்பர்வைசர் முன்னால் வரிசையில் நின்று, மூச்சு விடச் சீட்டு கேட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் கேலிக்குக் கேட்டார்கள், எத்தனை பேர் நிஜமாகவே கேட்டார்கள் என்று அந்தச் சூப்பர்வைசரால் சொல்ல முடியவில்லையாம்.

மதியமே அதிகாரி காரில் எங்கள் ஷெட்டுக்கு வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறைக்குள் வந்து, சுருட்டிய தாளை கீபோர்டின் மேல் விரித்தார். முதலாளி பின்னாலேயே வந்தார்.

“இந்த எழுத்து உலகத்துலயே ஒரே ஒரு கம்ப்யூட்டர்லதான் இருக்கு. அது இதுதான். யாருக்கு அடிச்சுக் கொடுத்தீங்க, சொல்லுங்க” என்றார் அதிகாரி. முதலாளியைப் பார்த்துத்தான் கேட்டார்.

முதலாளி ஒரு அடி பின்னால் போனார். “எனக்கு இன்னா சார் தெரியும்? எழுத்து வேல பூரா இந்தப் பொண்ணுதான். வரைஞ்சதே அதுதான் சார்.”

எட்டு மாதமாகச் சட்டத்துக்குள் தன் பெயரைப் போட்டு மாட்டியிருந்தவர், ஒரே நொடியில் எழுத்தைத் தூக்கி என் மடியில் போட்டார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் என்ன படித்திருக்கிறேன், எந்த ஊர், வீட்டில் யாராவது யூனியனில் இருக்கிறார்களா, தொழிற்சாலையில் யாரைத் தெரியும் என்று கேட்டுக்கொண்டே போனார். போலீஸில் புகார் கொடுத்தால் என் கல்யாணம் என்ன ஆகும் என்றும் கேட்டார். பின்னால் பெண்கள் மை இழுக்கிற ரப்பர் கட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றார்கள். எனக்குப் பயம் வரவில்லை. முதலாளியின் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ கொதித்துக்கொண்டு வந்தது.

“புள்ளியப் பாருங்க சார்” என்றேன். “எங்க மெஷின்ல இருக்கறது உருண்டைப் புள்ளி. நீங்கதான் மாத்தச் சொன்னீங்க. இதுல இருக்கறது சாய்ஞ்ச கட்டம். இது பழசு. இந்தப் பழசு எங்க இருக்குன்னு காட்டறேன்.”

டிராயரைத் திறந்து வீட்டுமனை நோட்டீஸை எடுத்து, அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் புள்ளி ஒரே மாதிரி. நோட்டீஸின் அடியில் அச்சகத்தின் பெயர் சின்னதாக இருந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். முதலாளியின் கழுத்தில் வேர்வை இறங்கியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் அபூர்வமாகத்தான் வந்திருக்கிறது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், அந்த வேர்வையையே நினைத்துக்கொண்டு போனேன்.

அந்தத் தாளை அடித்தவர்கள் யார் என்று ஒரு நிமிடம்கூட நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். ஒரு தாள் தானாக அச்சாகாது.

மறுநாள் முதலாளி கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். என்னைப் பின்னால் போய் ஸ்டிக்கர் வெட்டச் சொன்னார். “நல்லா பண்ண பாப்பா” என்றார், அவ்வளவுதான். ஒப்பந்தம் போய்விடும் என்று நான் காத்திருந்தேன். போகவில்லை. அதிகாரிக்கு அவசரமாகப் பலகைகள் வேண்டியிருந்தன, அந்த எழுத்தை வைத்திருந்தவர் முதலாளி ஒருவர்தான். இனிமேல் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கூடுதலாக, ஒவ்வொரு பலகையிலும் மூலையில் வரிசை எண் போட வேண்டும் என்று புது வேலையும் கொடுத்தார்கள். வெட்டிய ஸ்டிக்கர்களை நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த எண் போட்ட பலகைகள் என் பக்கத்தில்தான் காய்ந்துகொண்டிருந்தன.

பத்து நாள் கழித்து, சாயங்காலம் ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒருவன் வந்து எதிரே நின்றான். என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவனாக இருப்பான். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை.

“போர்டு கம்பெனி அக்காதான நீங்க?”

ஆமாம் என்றேன்.

“புள்ளிய வச்சுக் கண்டுபிடிச்சுக் குடுத்தது நீங்கதானாமே. அச்சாபீஸ்காரரு சொன்னாரு.”

அவன் சொல்லித்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. சர்டிபிகேட்டுகளை ஜெராக்ஸ் எடுக்க அந்த அச்சகத்துக்குப் போனபோது, மேசையில் கிடந்த வீட்டுமனை நோட்டீஸில் தொழிற்சாலை எழுத்தைப் பார்த்திருக்கிறான். அதைப் பார்த்ததும் அந்த வாசகம் தோன்றியதாம். ஒரே அறையில் இருந்த மூன்று பேர் சேர்ந்து அங்கேயே அடித்து வாங்கி ஒட்டியிருக்கிறார்கள். அதிகாரி அச்சகத்துக்குப் போன அன்றைக்கே மூன்று பேரும் வெளியே. ஒப்பந்த ஆட்கள் என்பதால் விசாரணை எதுவும் இல்லை. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டார்கள்.

“நான் உங்களச் சொல்லல. உங்கள எனக்குத் தெரியவே தெரியாது. நான் எங்க மொதலாளிய மாட்டிவுடத்தான் சொன்னேன்” என்றேன்.

“மாட்டுனாரா?”

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

“அவரு நேத்தும் கம்பெனிக்கு வந்து போர்டு மாட்டிட்டுப் போனாருக்கா. நாங்கதேன் வெளிய நிக்கிறோம்.”

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை. சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, அவமானம் வந்தால் எனக்குக் கோபம்தான் வெளியே வரும்.

“நீங்க மட்டும் கேட்டுட்டா எடுத்தீங்க? அது என் எழுத்து. ஆளாளுக்கு எடுத்துப்பீங்க, கடைசியில மாட்டிக்கறது நானா?” என்றேன்.

“உங்க எழுத்தா?” என்றான். “அந்த எழுத்த மாசக்கணக்காப் பாத்துப் பயந்துக்கிட்டுக் கெடந்தோம். ஒரே ஒரு நா சிரிச்சோம். அதையும் நீங்களே காட்டிக் குடுத்துட்டீக.” அவ்வளவு சொல்லிவிட்டு, எதிரே மாடி அறை ஒன்றைக் கையால் காட்டி, வாரக் கடைசிக்குள் அதைக் காலி செய்ய வேண்டும் என்றான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ரோட்டைத் தாண்டிப் போய்விட்டான்.

நான்கு நாள் அவனோடு மனசுக்குள் சண்டை போட்டேன். ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டே அவனுக்குப் பதில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், சாப்பிடும்போது சொன்னேன். என்ன முணுமுணுக்கிறாய் என்று அம்மா கேட்டாள். எந்தப் பதிலும் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் வேலைக்குப் போகவில்லை. நேராகத் தொழிற்சாலைக்குப் போனேன்.

கேட்டில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு அதிகாரி வெளியே வந்து, நின்றபடியே என்ன என்றார். அந்தத் தாளை நான்தான் அடித்துக் கொடுத்தேன் என்றேன். முதலாளி மேல் இருந்த ஆத்திரத்தில் செய்தது, அந்த மூன்று பேரும் கொடுத்ததை ஒட்டினவர்கள் மட்டும்தான், அவர்களை உள்ளே எடுத்துக்கொண்டு என்மேல் புகார் கொடுங்கள் என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பொய், ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

அவர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். “அன்னிக்கு நீங்க சொன்னது உண்மை. இன்னிக்குச் சொல்றது பொய். ரெண்டும் எனக்குத் தெரியும். ஆனா எனக்கு இப்ப உண்மையும் வேணாம், பொய்யும் வேணாம். அந்த மூணு பேர் இடத்துக்கு ஆள் வந்தாச்சு. கிளம்புங்க.”

எப்படி இப்படிப் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். செக்யூரிட்டியைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். செக்யூரிட்டி என் தோளைத் தொட வந்தான். தொட்டால் செருப்பு பிய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு நானே எழுந்து வந்தேன்.

முதலாளியிடம் அன்றைக்கே கணக்குத் தீர்த்துக்கொண்டு வந்திருக்கலாம். போகவில்லை. அந்த ஷெட்டை மறுபடி பார்க்கவே பிடிக்கவில்லை. கூட்டு ரோட்டில் இறங்கி, அவன் காட்டிய மாடி அறையைத் தேடிப் போனேன். என்ன சொல்வது என்று தெரியாது. மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. கேட்டிருப்பேனா என்று இன்றும் நிச்சயமில்லை. அதிகாரியிடம் போய்ச் சொன்னேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லலாம் என்று நினைத்தேன்.

கீழே வீட்டுக்காரம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்த மூன்று பேரும் முந்தா நாளே காலி செய்துவிட்டார்கள் என்றாள். எங்கே போனார்கள் என்று கேட்டேன். “அதெல்லாம் யார் கேட்டுகினு கீறாங்க? ஒருத்தன் திருப்பூர்னு சொன்னான்” என்றாள். நான் யார், எதற்குத் தேடுகிறேன் என்று சந்தேகமாக மேலும் கீழும் பார்த்தாள். நான் மாடிப்படி ஏறினேன்.

அறையில் புதிதாக ஐந்தாறு பேர் இருந்தார்கள். பைகளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஒருவன் ஜன்னல் கம்பியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். முன்பு இருந்தவர்களைத் தேடி வந்தேன் என்றேன். அவர்களைத் தெரியாது, நேற்றுதான் பரமக்குடியிலிருந்து வந்தோம் என்றார்கள். எல்லோருக்கும் அதே தொழிற்சாலைதான். மறுநாள் காலை ஷிஃப்டில் சேர வேண்டுமாம். கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் இறங்கி வந்தான்.

“நீங்க இந்த ஊராக்கா? கம்பெனி எப்படி இருக்கும்?”

அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு என்மேல் ஒரு பகையும் இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

“எனக்கு என்ன தெரியும்? போய்ப் பாருங்க” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.